பிரீத்தி நகர் ஜனத்தொகை

மாலை ஆறே முக்கால் மணி... ஆமத்தூரைத் தாண்டி ஒரு விலக்கு. பஸ்ஸை விட்டு இறங்கினால் இடது கைப் பக்கம் ஒரு மண் பாதை பிரியும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விளக்குக் கம்பம் உண்டு, பல்பு கிடையாது. அந்தப் பாதையில் ஒருத்தி, பள்ளிக்கூட உடுப்பில் இருக்கும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகவேகமாக நடக்கிறாள். பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

"அதுதான் பேயாண்ணே?" என்று கேட்டான் செல்வக்குமார்.

"அவசரத்தப் பாரு. அது ஒருத்தரு பொண்டாட்டிலே. பேயி பொறவு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கரண்டு போய் நெடுநேரம் ஆகிறது. காலண்டர் சீசன். மிஷினில் பாதி ஓடிய தாள் அப்படியே நிற்கிறது. விடிந்தால் லோடு ஏற்ற வேண்டும். பிரஸ் வாசலில் பேப்பர் பண்டல்களின் மேல் நாங்கள் ஐந்தாறு பேர் ஒட்டி உட்கார்ந்து கொசுவை அடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருந்த எரிச்சலுக்கு இந்தக் கதையைச் சொன்னால்தான் ஆறும் போலிருந்தது. இதுவும் எரிச்சலில் விளைந்த கதைதான்.

நம் பிரஸ்ஸில் பைண்டிங் பார்த்தாரே ஆண்டிச்சாமி, அவருடைய சித்தப்பா மகன் முனியராஜ். சிவகாசியில் கட்டிங் மிஷின் ஓட்டியவர். நம் தொழில்காரர். மனைவி மாரிசெல்வி. ஒரே மகள் சினேகா. குடியிருந்தது பிரீத்தி நகர்.

பிரீத்தி என்பது பிளாட் போட்டு விற்ற காளிராஜின் மகள் பெயர். அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ஒரு காலத்தில் அது பருத்திக் காடு. அப்புறம் ஏதோ கட்டடங்கள் இருந்தன என்பார்கள். அப்புறம் கருவேலங்காடு. காளிராஜ் ஜேசிபி விட்டு எல்லாவற்றையும் வழித்து, கல் ஊன்றி, கொடி கட்டி, பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்து விற்றார். "இன்னும் ரெண்டு வருசத்துல சிவகாசியே இங்கன வந்துரும்" என்றார். சிவகாசி வரவில்லை. வாங்கியவர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டைக் கட்டினார்கள், பூட்டினார்கள், போய்விட்டார்கள். தெருத் தெருவாக வீடு. மனிதர் இருந்தது நான்கு குடும்பம். பூட்டிய வீடுகளின் சாவியெல்லாம் முனியராஜ் வீட்டு ஆணியில் தொங்கியது, யாராவது வாடகைக்குக் கேட்டு வந்தால் காட்டுவதற்கு. யாரும் கேட்டு வரவில்லை.

முனியராஜுக்கு அந்த வீடு உயிர். அவர் வம்சத்தில் முதல் சொந்த வீடு. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் யோசித்துத்தான் அடிப்பார். மாரிசெல்விக்கோ அந்தப் பாதை எமன். தினமும் சினேகாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு, விலக்கில் இறங்கி, இருட்டுக்கு முன்னால் அந்தக் கருவேலங்காட்டைக் கடக்க வேண்டும். மழைக் காலத்தில் முழங்கால் அளவு சகதி. ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இல்லை. தோளில் போட்டுக்கொண்டே ஓடினாள். திரும்பி வந்த அன்றைக்கு ஒரே வார்த்தை சொல்லிவிட்டாள்.

"இந்தத் தீவாளிக்குள்ள இந்த ஊருக்கு ஒரு பஸ் வரணும். இல்லன்னா நானும் எம்புள்ளயும் ஏழாயிரம்பண்ணைக்கு எங்கத்தை வீட்டுக்குப் போயிருவோம். நீங்க வீட்டக் கட்டிக்கிட்டு அழுங்க."

அவள் சொன்னால் செய்கிற ஆள். முனியராஜுக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டையும் விட முடியாது, அவர்களையும் விட முடியாது. மனு எழுத ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை தோறும் லீவு போட்டுவிட்டு விருதுநகர் போவார். வரிசையில் நிற்பார். மனுவைக் கொடுப்பார். அது ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்குப் போகும். கடைசியில் மினி பஸ் ரூட்டைப் பார்க்கிற ஒரு அதிகாரியிடம் போய் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க நகர்ல எத்தன குடும்பம் இருக்கு?"

"நாலு குடும்பம் சார். பஸ் வந்தா நெறயப் பேரு குடி வருவாக."

"ஆள் இருந்தா பஸ் விடலாம். ஆளே இல்லாத ஊருக்கு எப்படி பஸ் விடுறது?"

"பஸ் இல்லாததாலதான சார் ஆளு இல்ல?"

"ஆள் இல்லாததாலதானே பஸ் இல்ல?"

இப்படியே மாதக் கணக்கில் போனது. யாரிடம் கோபப்படுவது? அதிகாரி சொல்வதும் நியாயம். முனியராஜ் சொல்வதும் நியாயம். நடுவில் ஒரு பிள்ளை அந்தச் சகதியில் நடந்துகொண்டிருந்தது. முனியராஜ் ராத்திரியில் பல்லைக் கடிக்கிற சத்தம் தனக்குக் கேட்கும் என்று மாரிசெல்வி சொல்வாளாம்.

தீபாவளி நெருங்கியபோது அதிகாரியே சலித்துப்போய், "சரிய்யா... ஒரு நாள் சாயங்காலம் நேர்ல வந்து பாக்கிறேன். எத்தன வீட்ல விளக்கு எரியுதுன்னு பாத்துட்டு எழுதுறேன்" என்றார்.

இங்கேதான் முனியராஜ் தன் மூளையைப் பயன்படுத்தினார். பூட்டிய வீடுகளின் சாவி கையில் இருக்கிறது. எல்லா வீட்டு வாசலிலும் விளக்கைப் போடுவது. கோலம் போடுவது. கொடியில் பழைய துணியைக் காயப் போடுவது. நடையில் செருப்பை விடுவது. ஆனால் நம் பக்கத்தில் உத்தியோகம் பார்க்கிற ஆள் அதை மட்டும் பார்த்து ஏமாற மாட்டான். நம் பட்டாசுக் காட்டில் ஒரு வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வோம்?

"வாசல்ல வாளி இருக்கான்னு பாப்போம்" என்றார் பண்டல் மேலிருந்த சங்கிலிமுத்து.

அதேதான். பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வருகிறவர்கள் வெடிமருந்து படிந்த கையோடு வீட்டுக்குள் நுழையக் கூடாது. உள்ளே அடுப்பு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. அதனால் பொழுது சாய்ந்ததும் வாசலில் ஒரு வாளித் தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு டப்பா, ஒரு சோப்புத் துண்டு. அந்த வீட்டுக்கு ஒருவர் இன்னும் வர வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். முனியராஜ் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட பசை வாளிகளையும் மை டப்பாக்களையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அதைப் பார்த்ததும் மாரிசெல்வியின் முகம் மாறிவிட்டது.

"கோலம் போடுறேன். துணி காயப் போடுறேன். தண்ணி மட்டும் வைக்க வேண்டாங்க."

"ஏன்?"

மாரிசெல்வியின் அம்மா சின்னத்தாய் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் செத்துப்போனவள். மகளை ஏழாயிரம்பண்ணையில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டில் தங்கி வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பிள்ளையைப் பார்க்க வருவாள். அந்தக் கம்பெனி எங்கே இருந்தது என்றுகூட அத்தை சொன்னதில்லை. சொன்னால் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கும் என்று பயம்.

"எங்கம்மா செத்தப்ப எனக்கு வெவரம் தெரியாது. சனிக்கிழமையானா வாசல்ல தண்ணிய வச்சிட்டு உக்காந்துருப்பேன். எங்கத்தை ஒரு நாளு அந்த வாளியக் கவுத்திப் போட்டாக. வர முடியாத ஆளுக்குத் தண்ணி வைக்கக் கூடாது புள்ள, வச்சா அது வர வழி தேடி அலையும்னு சொன்னாக. இது யாரும் இல்லாத வீடுங்க. யாருக்கு வைக்கீக?"

வேறு நேரமாக இருந்தால் முனியராஜ் கேட்டிருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அத்தனை திங்கட்கிழமை நின்ற கால்வலி அவரைப் பேச வைத்தது.

"பஸ்ஸ நானா கேட்டேன்? நீதான கேட்ட? நீ போயிருவேன்னுதான நான் நாயா அலையுறேன்? இப்பம் இதுல வந்து சாமி, பூதம்னுட்டு..."

அவள் கோல மாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வாளிகளுக்கு அவர் ஒருவரே தண்ணீர் ஊற்றினார்.

அதிகாரி வந்தபோது பொழுது மசங்கிவிட்டது. தெரு முழுக்க வாசல் விளக்கு. முனியராஜுக்கே அந்த இடம் ஒரு ஊர் மாதிரி தெரிந்தது. அதிகாரி முதல் தெருவில் கால் வைத்தார்.

கரண்டு போய்விட்டது.

"ஆகா" என்று சொல்லிச் சிரித்தான் செல்வக்குமார்.

நீ சிரிக்கிறாய். முனியராஜுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு, "சார், இங்கனயே நில்லுங்க, அரிக்கேன் லைட்ட எடுத்தாறேன்" என்று வீட்டுக்கு ஓடினார். மண்ணெண்ணெய் இல்லை. பாட்டிலைத் தேடி, திரியை ஏற்றி, வெளியே வந்தால்... அதிகாரியைக் காணவில்லை.

காற்று நின்றுபோயிருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. களக்... களக்... டப்பாவால் தண்ணீர் மொள்ளும் சத்தம். ஒரு வாசலில் அல்ல. எல்லா வாசலிலும். சொளசொளவென்று தரையில் தண்ணீர் விழுகிறது. யாரோ வாய் கொப்பளித்துத் துப்புகிறார்கள். யாரோ செருமுகிறார்கள். கூடவே ஒரு வாடை... கந்தகம். பொழுதடையும் நேரத்தில் கம்பெனி வேன் நம்மைத் தாண்டிப் போனால் ஒரு வாடை வருமே, அது. முனியராஜ் லைட்டைத் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் போன இடத்திலெல்லாம் ஒருவரும் இல்லை. வாளி மட்டும் இருந்தது. வாளிக்குள் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தெருவிலிருந்து அதிகாரி கையில் சின்ன டார்ச்சோடு வந்தார். முகத்தில் திருப்தி.

"என்னய்யா நாலு குடும்பம்னு சொன்னீங்க? வீட்டுக்கு வீடு ஆளுங்க. இப்பத்தான் வேலைக்குப் போயிட்டு வந்து கைகால் கழுவிக்கிட்டு இருக்காங்க. முக்கால்வாசி பொம்பளைங்க. ஒருத்தராவது நிமிர்ந்து பாக்கணுமே! உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒட்டியிருக்கு... அது என்ன?"

"அலுமினியத் தூளு சார், பட்டாசு மருந்துல சேக்குறது" என்றது முனியராஜின் வாய். மனம் வேறு எங்கோ இருந்தது.

"நான் எழுதிடுறேன்" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

கரண்டு வந்த பிறகு மாரிசெல்வி வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். எல்லா வாளியிலும் தண்ணீர் பாதிக்குக் கீழே. மிச்சத் தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு ஆடை. புதுச் சோப்பு தேய்ந்திருந்தது. ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். முனியராஜ் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மினி பஸ் வந்துவிட்டது. காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு ட்ரிப்பு. சாயங்காலம் ஒரு ட்ரிப்பு. முனியராஜ் தேங்காய் உடைத்து, மாலை போட்டு, டிரைவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். டிரைவர் பெயர் முத்துக்கருப்பன், நடுவயதுக்காரர். சினேகா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டே போனாள். மாரிசெல்வி சிரித்தாள். இனி இவர்கள் போக மாட்டார்கள் என்று முனியராஜ் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு?

கண்டக்டர்தான் முதலில் முணுமுணுத்தார். "அண்ணாச்சி, உங்க நகர்க்காரங்க என்ன இப்படி இருக்காக? டிக்கெட் கேட்டா, கம்பெனி வண்டிதான எதுக்கு டிக்கெட்டுங்கிறாக. எங்கன ஏறுறாகன்னும் தெரியல. சாயங்காலம் பூரா நிக்க எடமில்ல."

முனியராஜ் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். அவர், மாரிசெல்வி, சினேகா. அப்புறம் காலி சீட். சாயங்காலம் அவர் இறங்குவார். அவருக்குப் பின்னால் வண்டி ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும், பாரம் இறங்குவது மாதிரி. அதிகாரிக்குத் தெரிகிறது. கண்டக்டருக்குத் தெரிகிறது. ஊருக்கு ஆள் வேண்டும் என்று அலைந்த மனிதரின் கண்ணுக்கு மட்டும் ஒருவரும் தட்டுப்படவில்லை. அதுதான் அவரை அறுத்தது. மற்ற மூன்று குடும்பமும் ஒவ்வொன்றாகச் சாமானை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஏன் என்று கேட்டால், "தெருவுல கூட்டம் சாஸ்தியாயிருச்சுண்ணே" என்றார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் முத்துக்கருப்பன் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். மாரிசெல்வியும் அங்கேதான் இருந்தாள்.

"எனக்கு இந்த எடம் தெரியும் அண்ணாச்சி. எளவட்டத்துல நான் கம்பெனி வேன் ஓட்டுனேன். இந்த எடத்துல லைன் வீடு இருந்துச்சு. காலைல இங்கன ஆரன் அடிச்சா திமுதிமுன்னு வந்து ஏறுவாக. ஒரு தீவாளி சீசன்ல... காலைல ஏத்திக்கிட்டுப் போனேன். சாயங்காலம் எறக்கிவிட ஒரு ஆளு இல்ல. வெறும் வண்டிய இங்கன கொண்டாந்து நிறுத்திட்டு அழுதேன்."

மாரிசெல்வி கேட்டாள், "அதுல சின்னத்தாய்னு ஒருத்தர் இருந்தாகளா? சனிக்கிழமை ஆனா ஏழாயிரம்பண்ணைக்குப் போறவக?"

முத்துக்கருப்பன் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "ஆமா... விலக்குல எறக்கி விடுங்க, புள்ள தண்ணி வச்சுக்கிட்டு உக்காந்துருக்கும்பாக" என்றார்.

மறுநாள் சாயங்காலம் முனியராஜ் வேலை முடிந்து வந்தார். எல்லா வீட்டு வாசலிலும் வாளி. எல்லா வாளியிலும் தண்ணீர். மாரிசெல்வி கடைசி வீட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, என்ன செய்யுற?"

"வாரவகளுக்குத் தண்ணி வேணும்ல?"

முனியராஜ் அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார். "நாம போயிருவோம் மாரி. ஏழாயிரம்பண்ணைக்கே போயிருவோம். இந்த வீடே வேண்டாம்" என்றார். வீட்டையே உயிராக வைத்திருந்த மனிதர் சொல்கிறார்.

"நான் வரல. எங்கம்மா இம்புட்டு வருசம் வழி தெரியாம இருந்துட்டு இப்பம்தான் வீடு வந்து சேருது. நான் எப்படிப் போவேன்?"

கெஞ்சினார். திட்டினார். ஒரு தடவை கை நீட்டியும்விட்டார். அவள் அசையவில்லை. போகிறேன், போகிறேன் என்று நின்றவளை இருக்க வைக்கத்தான் அத்தனை பாடு. இப்போது இருக்கிறேன் என்கிறவளைக் கிளப்ப முடியவில்லை. வேறு வழி? பஸ்ஸை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். மறுபடி திங்கட்கிழமை, மறுபடி வரிசை, மறுபடி அதே அதிகாரி.

"பஸ்ஸ நிறுத்துங்க சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "விளையாடுறீங்களா? அந்த ரூட்ல நிக்க இடமில்லாம போகுதுன்னு ரிப்போர்ட் வருது. நிறுத்துறதா? விடியக்காலையில இன்னொரு ட்ரிப்பு விடச் சொல்லியாச்சு. கம்பெனிக்குப் போறவங்க பாவம்ல?"

முனியராஜ் மேஜையைக் குத்தினார். வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அந்த வராந்தாவில் உட்கார்ந்து, மனிதர் வாய்விட்டு அழுதிருக்கிறார். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. அங்கே தினமும் நாலு பேர் அழத்தானே செய்கிறார்கள்.

விடியக்காலை ட்ரிப்பு வந்த முதல் நாள். ஆரன் சத்தம் கேட்டுத்தான் முனியராஜ் கண் விழித்தார். பக்கத்தில் சினேகா தூங்கிக்கொண்டிருந்தாள். மாரிசெல்வி படுத்திருந்த பாய் சுருட்டி வைத்திருந்தது. அடுப்பில் சூடு இருந்தது. சோறு வடித்திருந்தது. தூக்குவாளியைக் காணவில்லை. வெறுங்காலோடு தெருவில் ஓடினார். பஸ்ஸின் சிவப்பு விளக்கு கருவேலங்காட்டுக்குள் திரும்புவதைத்தான் பார்த்தார்.

முத்துக்கருப்பன் பிறகு சொன்னார். "கால் வைக்க எடமில்ல அண்ணாச்சி. உங்க வீட்டம்மா படிக்கிட்ட நின்னாக. பக்கத்துல ஒரு பொம்பள அவுக கையப் புடிச்சிருந்துச்சு. பழைய கம்பெனி முக்கு வந்ததும் அம்புட்டுப் பேரும் எறங்குனாக. இங்கன ஒண்ணுமில்லையேம்மா, இடிஞ்ச செவருதான இருக்குன்னு கேட்டேன். சாயங்காலம் மறக்காம வந்துருங்கண்ணேன்னு சொல்லிட்டு நடந்துட்டாக."

தேடினார்கள். போலீஸ் வந்தது. கிணறுகளில் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். கருவேலங்காட்டைச் சல்லடை போட்டார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. முத்துக்கருப்பன் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவருக்குப் பிறகு வந்த டிரைவரும் இரண்டாவது நாளே ஓடிவிட்டார். மினி பஸ் நின்றது. காலை ட்ரிப்பும் நின்றது, சாயங்கால ட்ரிப்பும் நின்றது.

இப்போதுதான் முனியராஜுக்கு உறைத்தது. சாயங்காலம் மறக்காமல் வரச் சொல்லியிருக்கிறாள். கூட்டிவர வண்டி இல்லை.

ஏலே செல்வக்குமாரு, மறுபடி திங்கட்கிழமை அந்த மனிதர் எங்கே போய் நின்றிருப்பார் என்று சொல்லு பார்ப்போம்.

செல்வக்குமார் சிரிக்கவில்லை. "பஸ் கேட்டாண்ணே?" என்றான்.

பஸ் கேட்டுத்தான். "எம்பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டியாரணும் சார், சாயங்காலம் ஒரே ஒரு ட்ரிப்பு விடுங்க" என்று கேட்டிருக்கிறார். அதிகாரி பழைய மனுக்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார். பஸ் வேண்டும், பஸ் வேண்டாம், பஸ் வேண்டும். "இப்ப அங்க எத்தன பேர்யா குடியிருக்கீங்க?" என்று கேட்டார். "நான் ஒருத்தன்தான் சார்" என்றார் முனியராஜ். பிள்ளையை அதற்குள் ஆண்டிச்சாமி சிவகாசிக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரி மனுவை மடித்து வைத்துவிட்டார். ஒரு ஆளுக்கு யார் பஸ் விடுவார்கள்?

வருகிறாயா என்று ஆண்டிச்சாமி எத்தனையோ முறை கூப்பிட்டும் முனியராஜ் அந்த வீட்டை விட்டு வரவில்லை. பகலில் வேலை. சாயங்காலம் தெரு முனையில் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது. ஆளே பாதியாகிவிட்டார். சினேகா அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அழுதால், ஆண்டிச்சாமி ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய் இருட்டுக்கு முன்னால் திரும்பிவிடுவார். வாடகைக்கு ஒரு ஆட்டோ, போக வர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் நேரத்தில் ஆட்டோ கிளம்பவில்லை. ஆண்டிச்சாமியும் முனியராஜும் ஆட்டோக்காரரோடு சேர்ந்து அதைத் தெரு முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். சினேகாவை வாசல்படியில் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு அன்று தலை சீவியிருக்கவில்லை. காற்றில் பரட்டையாகக் கிடந்தது. பொழுது விழுந்துகொண்டிருந்தது.

வண்டி கிளம்பியது. முனியராஜ் வழக்கம்போல் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு தெரு முனையிலேயே நின்றுவிட்டார். ஆண்டிச்சாமி பிள்ளையைக் கூப்பிடத் திரும்பி வந்தார். வாசல்படியில் சினேகா அதே இடத்தில்தான் இருந்தாள். தலை வழித்து வாரியிருந்தது. இரட்டைச் சடை. இழுத்து, அழுத்தி, ஒரு முடி பிசகாமல் பின்னி, நுனியில் ரிப்பன் கட்டியிருந்தது.

"யாரும்மா பின்னிவிட்டது?" என்று கேட்டிருக்கிறார்.

"அம்மா."

"அம்மா எங்க?"

"உள்ள படுத்துருக்காக. பஸ் வரலைன்னு நடந்தே வந்தாகளாம் பெரியப்பா. ரொம்ப நாளா நடந்தாகளாம். காலு வலிக்குதுன்னு சொன்னாக."

ஆண்டிச்சாமி வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார்... வகிடு எடுத்த இடத்தில், நெற்றியிலிருந்து பின்னங்கழுத்து வரைக்கும், ஒரு விரல் இழுத்த கோடாக அலுமினியத் தூள் மினுங்கிக்கொண்டிருந்தது.